எங்கள் கைகள் வேண்டும், எங்கள் பதிவேடு வேண்டாமா? – கடற்கரை மேம்பாட்டுப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடற்கரை மேம்பாட்டுத் திட்டத்தின் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கும், அதற்கு ஒப்புதல் அளித்த உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும்,

சென்ற வாரம் உங்கள் அலுவலகத்திலிருந்து, கடலாமைகளுக்காக இரவில் இந்தக் கரையில் நடக்கும் தன்னார்வலர்களான எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. கடற்கரைத் தூய்மை முகாமுக்குத் தன்னார்வலர்களை ஒரே நிறச் சட்டையில் காலையிலேயே அழைத்துவருமாறு அதன் முதல் பத்தியில் கேட்டிருந்தீர்கள். அதே முகாமில் உயர்கோபுர மின்விளக்குத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் தொடங்கிவைக்கப்படும் என்றும், கரையின் வடக்குப் பகுதியிலும் இனி இரவு முழுவதும் வெளிச்சம் இருக்கும் என்றும் இரண்டாம் பத்தியில் எழுதியிருந்தீர்கள். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி என்ற கடலாமை இனம்) இன்றும் வந்து முட்டையிட இந்தக் கரையில் எஞ்சியிருக்கும் இருண்ட மணல் அந்த வடக்குப் பகுதி மட்டுமே. இதை நாங்கள் வரைபடத்தோடும் தேதிகளோடும் உங்களிடம் மனுவாக எழுத்தில் கொடுத்திருக்கிறோம். எங்களிடம் உள்ள நகலில் உங்கள் அலுவலகத்தின் பெறுகை முத்திரை இருக்கிறது. ஆகவே முகாமுக்கு வருகிறோமா இல்லையா என்று தனியே பதில் அனுப்பாமல், ஊராரும் படிக்கும்படி இந்த மடலை எழுதுகிறேன்.

கடற்கரையில் விளக்கே இருக்கக் கூடாது என்று நாங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. எங்கள் குறை வேறு. இந்தக் கரையைப் பற்றிய முடிவுகளில் எங்கள் உடலுழைப்புக்கு இடம் இருக்கிறது, எங்களுக்குத் தெரிந்ததற்கு இடம் இல்லை. குப்பை பொறுக்க ஆள் வேண்டும் என்றால் எங்கள் நினைவு வருகிறது. கம்பம் எங்கே நடுவது என்று வரைபடம் விரிக்கும்போது வருவதில்லை. அந்த மணலின் ஒவ்வொரு மடிப்பையும் இரவில் நடந்து அறிந்தவர்களை விட்டுவிட்டு, பகலில் ஒருமுறை வந்து போனவர்கள் அளித்த அறிக்கையின் பேரில் திட்டம் தீட்டப்பட்டிருக்கிறது. இதை இனியும் வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் இயலாது.

தன்னார்வலர்கள் என்றால் ஓய்வு நேரத்தில் நல்ல காரியம் செய்பவர்கள் என்ற எண்ணம் பரவலாக இருப்பதால், செய்யும் வேலை என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னைக் கரையில் ஆமைகளுக்காக இரவில் நடக்கும் வழக்கம் 1970களில் தொடங்கியது. அன்றைய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்கள் தொடங்கிய அந்த வேலையை 1988 முதல் மாணவர்கள் தங்கள் தோளில் ஏற்றுக்கொண்டு இன்றுவரை நடத்திவருகிறார்கள். சதீஷ் பாஸ்கர் என்ற ஒருவர் இந்தியக் கடற்கரைகளையும் தீவுகளையும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே அளந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்ற அடிப்படைத் தகவலை இந்த நாட்டுக்குத் தந்தார். இந்தியாவில் கடலாமைகளைப் பற்றி இன்று தெரிந்திருப்பவற்றில் பெரும் பகுதி இப்படி இரவில் நடந்த கால்களின் வழியே வந்தது. எங்கள் குழு அந்த மரபில் வந்த சிறிய குழு. கல்லூரி மாணவர்கள், வங்கியில் வேலை பார்ப்பவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, குப்பத்து இளைஞர்கள் என்று கலந்து இருக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. மறுநாள் காலை வேலைக்குப் போக வேண்டியவர்கள்தான் ஜனவரி முதல் ஏப்ரல் வரை முறை வைத்துக்கொண்டு நடுநிசியில் மணலில் நடக்கிறார்கள்.

நடப்பது என்றால் வெறுமனே நடப்பதில்லை. தாய் ஆமை ஏறி வந்த தடம் ஈர மணலில் டிராக்டர் சக்கரம் போன தடம்போல இரு பக்கமும் சாய்வரிகளோடு கிடக்கும். ஏறிய தடமும் இறங்கிய தடமும் சேரும் இடத்தில், கிளறி மூடிய மணலுக்கு நடுவே, முட்டைக்குழி எங்கே இருக்கிறது என்பதைப் பழகிய கைதான் கண்டுபிடிக்கும். மேல் மணல் இறுகியிருக்கும், குழிக்கு நேர் மேலே மட்டும் சற்று இளகிக் கொடுக்கும். அங்கே விரல்களால் மட்டும் தோண்ட வேண்டும். மண்வெட்டிக்கோ கரண்டிக்கோ வேலை இல்லை. முழங்கை மறையும் ஆழத்தில் முதல் முட்டை தட்டுப்படும். ஓடு கெட்டியாக இருக்காது, அழுத்தினால் குழிந்து மீளும் தோல்போல இருக்கும். நூறு முதல் நூற்றிருபது முட்டைகள் வரை இருக்கும் அந்தக் குழி வாய் குறுகி அடி அகன்று ஒரு குடத்தின் வடிவில் இருக்கும். முட்டையைத் திருப்பாமல் எடுக்க வேண்டும். இட்ட சில மணி நேரத்திலேயே கரு ஓட்டின் மேற்புறமாக ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும் என்பதால், அதற்குப் பிறகு புரட்டினாலோ குலுக்கினாலோ அந்த முட்டை வீண். எடுத்துவந்த முட்டைகளைப் பாதுகாப்பாகப் பொரிய வைக்கும் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவில் இன்னொரு குழி தோண்டி, பழைய குழியின் ஈர மணலையும் சேர்த்துப் போட்டு மூட வேண்டும். எந்த இடத்தில் எடுத்தோம், எத்தனை மணிக்கு, எத்தனை முட்டை, கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதெல்லாம் அந்த இடத்திலேயே டார்ச்சின் சிவப்பு வெளிச்சத்தில் எழுதப்படும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாள் கழித்துக் குஞ்சு வந்ததும், வராத முட்டை எத்தனை என்பதும் அதே வரியின் எதிரே ஏறும்.

இந்த வரிகளின் தொகுப்பைத்தான் பதிவேடு என்கிறோம். ஆய்வகத் துல்லியம் அதில் உண்டு என்று நான் உரிமை கொண்டாடவில்லை. புயல் காரணமாக நடக்காத இரவுகள் இருக்கின்றன; அவையும் நடக்கவில்லை என்றே குறிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் ஒரே கரையை, ஒரே முறையில், பல பருவங்களாகத் தொடர்ந்து பார்த்த வேறு எந்த ஆவணமும் இந்த ஊரில் கிடையாது. உங்கள் அலுவலகத்திலும் கிடையாது.

இனி விளக்குகளுக்கு வருகிறேன். மணலுக்குள்ளிருந்து இரவில் மேலே வரும் குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்று சொல்லித்தர யாரும் இல்லை. தாய் ஆமை முட்டையிட்ட அன்றே போய்விட்டது. நிலத்தின் பக்கம் மணல்மேடும் செடிகொடிகளும் இருண்ட மேடாக உயர்ந்திருக்கும்; கடலின் பக்கம் தொடுவானம் தாழ்ந்தும் சற்று வெளிச்சமாகவும் இருக்கும். இருட்டான உயரத்தை விட்டு விலகித் தாழ்வான வெளிச்சத்தை நோக்கிப் போவதுதான் அந்தக் குஞ்சுக்குத் தெரிந்த ஒரே வழி. பல கோடி ஆண்டுகளாக அது பிழையாகவில்லை. அந்த நிலப்பக்கத்தில் கடலைவிடப் பன்மடங்கு பிரகாசமான வெள்ளை எல்இடி விளக்குகளை நட்டால், இருபது கிராம்கூட எடை இல்லாத குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டிச் சாலையை நோக்கி நடக்கும். இது இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் திரும்பத் திரும்பப் பதிவு செய்யப்பட்ட செய்தி. நாங்கள் கண்டுபிடித்தது அல்ல. எங்கள் கரையில் அது எப்படி நடக்கிறது என்பதற்கு மட்டும்தான் நாங்கள் சாட்சி.

முதல் கட்ட விளக்குகள் வந்த தெற்குப் பகுதியில், இரவில் எங்கள் கண்ணுக்குத் தப்பிய குழிகளும் சில இருக்கும். அவை மணலிலேயே பொரிந்துவிடும். அப்படிப் பொரிந்த குழியை விடியற்காலையில் பார்த்தால், அங்கே நடந்தது முழுவதும் தடங்களில் எழுதியிருக்கும். விளக்குகளுக்கு முந்திய பருவங்களில் அந்தத் தடங்கள் குழிவாயிலிருந்து ஒரு குறுகிய விசிறிபோலக் கடலை நோக்கி விரிந்திருக்கும். எல்லாக் குஞ்சுகளும் ஏறத்தாழ ஒரே திசையில் போயிருக்கும். இப்போது அந்த விசிறி முழு வட்டமாகிவிட்டது. சில தடங்கள் குழியைச் சுற்றிச் சுற்றி வந்து தேய்ந்திருக்கின்றன. பல தடங்கள் நேராக விளக்குக் கம்பத்தின் அடித்தளம் வரை போகின்றன. கம்பத்தைச் சுற்றிப் பதித்த சிமென்டுக் கட்டையின் ஓரத்தில், ஏற முடியாமல் பக்கவாட்டிலேயே நகர்ந்து நகர்ந்து மணலில் வரப்புபோல ஒரு கோடு விழுந்திருந்ததை நாங்கள் படம் எடுத்து அளவுகோலுடன் மனுவில் இணைத்திருந்தோம். அந்தக் கோட்டின் முனையில் நாயின் காலடியும் காக்கையின் காலடியும் இருந்தன. கட்டையைத் தாண்டிய சில குஞ்சுகள் சாலையில் கிடந்தன. எப்படிக் கிடந்தன என்று இங்கே எழுத நான் விரும்பவில்லை. படங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன.

தாய் ஆமைகளின் கதை இதைவிட அமைதியானது என்பதால் கவனத்துக்கு வருவதில்லை. முட்டையிடாமல் பாதியில் திரும்பிய தடங்களைத் தனியாகக் குறிப்பது எங்கள் வழக்கம். எல்லாக் கரையிலும் அவை ஓரளவு இருக்கும். நாய் குரைத்தாலும், ஆள் நடமாடினாலும் ஆமை திரும்பிவிடும். ஆனால் தெற்குப் பகுதியில் விளக்குகளுக்குப் பிறகு, ஏறிய தடங்களில் அப்படித் திரும்பியவையே மிகுதியாகிவிட்டன. சில, ஒளி விழும் எல்லை வரை வந்து, அந்த எல்லையிலேயே வளைந்து கடலுக்குத் திரும்பியிருக்கின்றன. தாய் ஆமை அடுத்த நாள் வேறெங்காவது போய் முட்டையிடக்கூடும். அந்த வேறெங்காவது என்பது எங்கள் கரையில் இப்போது வடக்குப் பகுதி மட்டும்தான். இரண்டாம் கட்டம் அதையும் எடுத்துக்கொண்டால் எங்கே போகும் என்பதற்கு உங்கள் திட்ட அறிக்கையில் பதில் இல்லை. ஆமை என்ற சொல்லே அந்த அறிக்கையில் நுழைவாயிலில் வைக்கப்போகும் சிலையைப் பற்றிய வரியில்தான் வருகிறது.

எங்கள் மனுவுக்கு நீங்கள் அளித்த பதில், திட்டப் பணிகள் உரிய விதிமுறைகளின்படி நடைபெறுகின்றன என்ற ஒற்றை வரி. நேரில் வந்தபோது, கூட்டம் இருக்கிறது, பிறகு வாருங்கள் என்றார்கள். பிறகு வந்தபோது, கோப்பு வேறு பிரிவுக்குப் போய்விட்டது என்றார்கள். அதற்கிடையில்தான் முகாமுக்கான அழைப்பு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. முகாம்களுக்கு நாங்கள் எதிரி அல்ல. ஒரு காலைப் பொழுதில் மூட்டை மூட்டையாகப் பிளாஸ்டிக்கை அகற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் அதை முடித்ததும் சட்டையை மடித்து வைத்துவிட்டு வீடு திரும்பும் வேலையோடு தன்னார்வம் முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்களுக்கு, இரவு நடைக்கு ஆள் கிடைக்காமல் நாங்கள் தவிக்கும் மார்ச் மாதம் தெரியாது.

முகாமோடு சேர்த்து நீங்கள் கொண்டுவந்த இன்னொன்று, கடற்கரையைச் சலிக்கும் இயந்திரம். மணலைக் கிளறிக் குப்பையைப் பிரித்தெடுக்கும் அந்த வண்டி விடியும் முன்பே கிளம்புகிறது. அது போன பாதையில் இரவின் தடங்கள் எல்லாம் அழிந்துவிடுகின்றன. தடம் இல்லாமல் தப்பிய குழியைக் கண்டுபிடிக்க எந்த வழியும் கிடையாது. அதன் சக்கரம் குழியின் மேல் ஏறினால் மணல் இறுகி, உள்ளே பொரிந்த குஞ்சுகள் மேலே வர முடியாமல் போகும். எங்களில் ஒருவர் முன்னால் நடந்து தடங்களைக் குறித்த பிறகு வண்டி கிளம்பட்டும் என்று கேட்டோம். ஒரு மணி நேரத் தாமதம் மட்டுமே ஆகும் ஏற்பாடு அது. ஒப்பந்தத்தில் இடமில்லை என்று பதில் வந்தது.

குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிறப்பு விருந்தினர் வரும் நேரத்துக்காகக் குஞ்சுகளைத் தொட்டிகளில் மணிக்கணக்கில் வைத்திருந்து, மாலை வெளிச்சத்தில், படம் எடுப்பவர்கள் முன்னிலையில், கையில் கொடுத்து விடச் சொன்னீர்கள். குஞ்சு மேலே வந்தவுடன் அதன் உடலில் இருக்கும் மிச்ச மஞ்சள் கருவின் வலுவில்தான் கரைக்கடலின் ஆபத்தைத் தாண்டி ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் நிற்காமல் நீந்துகிறது. தொட்டியின் சுவரில் முட்டி முட்டி அந்த வலு தீர்ந்துவிட்டால், கடலில் விடப்பட்டதும் அது சோர்ந்து மிதக்கும். ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் பெரிய ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அந்த ஒன்றிரண்டின் வாய்ப்பையும் ஒரு புகைப்படத்துக்காகக் குறைப்பது பாதுகாப்பு ஆகாது. பள்ளிப் பிள்ளைகள் பார்க்கட்டும். தூரத்தில் நின்று, இருட்டில், குஞ்சுகள் தாமாகவே மணலைக் கடந்து போவதைப் பார்க்கட்டும். அப்படிப் பார்த்த பிள்ளைகளில் சிலர்தான் இன்று எங்களோடு நடக்கிறார்கள்.

பாதுகாப்புக்காக விளக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்வதை நாங்கள் ஏற்கிறோம். மாலையில் குடும்பங்கள் உட்காரும் இடத்தில், பெண்கள் நடைப்பயிற்சி செய்யும் பாதையில், வாகனங்கள் நிற்கும் இடத்தில் வெளிச்சம் வேண்டும். ஆனால் பாதையில் விழ வேண்டிய ஒளி மணலைத் தாண்டி அலை வரை விழுவதால் யாருக்குப் பாதுகாப்பு என்று புரியவில்லை. படகு கரையேற்றும் இடத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்று மீனவர்கள் கேட்டதாக உங்கள் அறிக்கையில் இருக்கிறது. குப்பத்து மூத்தவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "கரையில ஒரு விளக்கு கேட்டோம், நெசந்தான். இவங்க மூஞ்சில அடிக்கிற மாதிரி வெச்சுட்டாங்க. கடல்ல இருந்து பாத்தா வெள்ளையாத்தான் தெரியுது, எங்க துறை எங்க இருக்குன்னே தெரியல" என்றார். அவரையும் யாரும் கேட்கவில்லை. தன்னார்வலர்களைக் கேட்காதது ஒரு குறை என்றால், கடலை நம்பி வாழ்பவர்களையே கேட்காதது அதைவிடப் பெரிய குறை.

செய்ய முடியாத ஒன்றை நாங்கள் கேட்கவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் கடலோர உள்ளாட்சிகள் பலவும் ஆமைப் பருவத்தில் கரையோர விளக்குகளைக் கட்டுப்படுத்த விதிகளே வகுத்திருக்கின்றன. கடலை நோக்கி ஒளி சிந்தாத மறைப்புகள், தாழ்வான கம்பங்கள், நீண்ட அலைநீளம் கொண்ட ஆரஞ்சு மஞ்சள் ஒளி ஆகியவை அங்கே வழக்கமாகிவிட்டன. அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒடிசாவில், முன்பு வீலர் தீவு என்றழைக்கப்பட்ட அப்துல் கலாம் தீவில், லட்சக்கணக்கான ஆமைகள் கூடும் கடற்பகுதிக்கு அருகே, ஏவுகணைச் சோதனைகளையே பருவ காலத்தில் நிறுத்திவைக்க ஒப்புக்கொள்ளப்பட்டதைச் செய்தித்தாள்களில் படித்தோம். நாட்டின் பாதுகாப்புச் சோதனை காத்திருக்க முடியுமானால், ஒரு கடற்கரையின் அலங்கார விளக்கு இரவு பதினொரு மணிக்கு மேல் சில மாதங்கள் அணைந்திருக்க முடியாதா?

சட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்றாலும், விதிமுறைகளின்படி நடக்கிறது என்று பதில் எழுதியிருப்பதால் சிலவற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பங்குனி ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. ஊர்வனவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் சேதப்படுத்துவதும் தொந்தரவு செய்வதும் அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கும். அதனால்தான் ஒரு முட்டையை இடம் மாற்றுவதற்கும் நாங்கள் உரிய அனுமதி பெற வேண்டியிருக்கிறது, பெறுகிறோம். 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும், அதற்குப் பின் வந்த 2019ஆம் ஆண்டின் அறிவிக்கையும் ஆமைகள் முட்டையிடும் இடங்களைச் சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த முதல் வகையில் வைத்துள்ளன. மத்திய அரசு 2021இல் வெளியிட்ட தேசியக் கடலாமைச் செயல்திட்டம் செயற்கை ஒளியை அச்சுறுத்தல்களில் ஒன்றாகக் கருதுகிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியப் பன்மயச் சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும், ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் உயிரியப் பன்மய மேலாண்மைக் குழு ஒன்றை அமைத்து, உள்ளூர் மக்களைக் கலந்து பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்கின்றன. மக்கள் எழுதும் பதிவேட்டுக்குச் சட்டமே இடம் ஒதுக்கியிருக்கும்போது, மக்கள் எழுதிக் கொண்டுவந்த பதிவேட்டை வாங்கி முத்திரை குத்திக் கட்டிவைப்பது எந்த விதிமுறையில் சேரும்?

விளக்கு மட்டுமே ஆமைகளின் எதிரி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாக முன்வந்து விசாரித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். இழுவை வலைகளில் சிக்கி மூச்சுத் திணறி இறப்பது தனிக் கதை, அதற்குப் பொறுப்பானவர்கள் வேறு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்படி ஒதுங்கும் ஆமைகளைக் கரை கரையாக நடந்து எண்ணுவதில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது. மறுநாள் வேறொருவர் அதே ஆமையை மீண்டும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, அழுகத் தொடங்கிய ஓட்டின் மேல் பெயின்ட்டால் குறியிட்டு, நாடாவால் நீளம் அளந்து, ஆணா பெண்ணா என்று வாலைப் பார்த்துக் குறித்துக்கொள்வது இந்தக் கரைகளில் பழகிப்போன வேலை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போகும் இடத்தில் உட்கார்ந்து எழுதப்பட்ட கணக்கு அது. அந்தக் கணக்கு இல்லாவிட்டால், சிக்கல் எவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்தத் தன்னார்வலர்களை இழப்பது எளிது. ஊதியம் இல்லாத வேலையை ஒருவர் தொடர்ந்து செய்வதற்குக் காரணம், தான் கண்டது எங்கோ பயன்படுகிறது என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை போனால் யாரும் சண்டை போட்டுக்கொண்டு போக மாட்டார்கள். முறை வந்த இரவில் தேர்வு இருக்கிறது, உடம்பு சரியில்லை என்பார்கள், பிறகு வரமாட்டார்கள். சென்ற பருவத்தில் எங்கள் குழுவில் அப்படி நின்றவர்கள் இருக்கிறார்கள். நாம எழுதிக் கொடுத்து என்ன ஆகப்போகுது என்று அவர்களில் ஒரு மாணவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. ஒரு முட்டைக்குழியைக் கைவிரலால் கண்டுபிடிக்க ஒருவருக்குக் கற்றுத்தர ஒரு பருவம் முழுவதும் ஆகும். அப்படிக் கற்றவர் போய்விட்டால் டெண்டர் விட்டு இன்னொருவரை அமர்த்திவிட முடியாது.

இந்தப் பின்னணியில் எங்கள் கோரிக்கைகளை வெளிப்படையாக முன்வைக்கிறேன்.

முதலாவதாக, வடக்குப் பகுதியில் தொடங்கவிருக்கும் இரண்டாம் கட்ட விளக்குப் பணியை உடனே நிறுத்திவையுங்கள். முகாமின் தேதியை மாற்றினால் போதாது. தொடங்கிவைக்கும் நிகழ்ச்சியே நிரலிலிருந்து நீக்கப்பட வேண்டும். அந்தப் பகுதியை விளக்கில்லாப் பகுதியாகத் திட்ட வரைபடத்திலேயே குறிக்க வேண்டும்.

ஏற்கெனவே நடப்பட்ட தெற்குப் பகுதி விளக்குகளை ஜனவரி முதல் மே இறுதி வரை இரவு பதினொரு மணிக்கு மேல் அணைத்து வைக்க வேண்டும். பாதைக்கும் வாகன நிறுத்தத்துக்கும் தேவையான விளக்குகளை, கடல் பக்கம் ஒளி சிந்தாத மறைப்போடு, தாழ்வான கம்பங்களில், வெள்ளை ஒளிக்குப் பதில் ஆரஞ்சு மஞ்சள் ஒளியோடு மாற்ற வேண்டும். ஆரஞ்சு மஞ்சள் ஒளியும் முழுத் தீர்வு அல்ல, பாதிப்பைக் குறைக்கும் வழி மட்டுமே. ஆகவே மறைப்பு இல்லாமல் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று அறிவிக்க வேண்டாம். படகுத் துறையில் எந்த விளக்கு, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும் என்பதைக் குப்பத்துப் பஞ்சாயத்தாரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மணல் சலிக்கும் இயந்திரம், பருவ மாதங்களில், இரவு நடைக் குழுவினர் அன்றைய தடங்களைக் குறித்து முடித்துவிட்டோம் என்று தெரிவித்த பிறகே கிளம்ப வேண்டும். ஒப்பந்தத்தில் இடமில்லை என்றால் ஒப்பந்தத்தைத் திருத்துங்கள். அலை எல்லைக்கும் மணல்மேட்டுக்கும் இடையே உள்ள முட்டையிடும் பட்டையில் அந்த மாதங்களில் கையால் குப்பை எடுப்பதே முறை. அதற்கு ஆள் வேண்டும் என்றால் சட்டை நிறத்தைக் குறிப்பிடாமலே கூப்பிடுங்கள், வருகிறோம்.

குஞ்சு விடும் நிகழ்ச்சிகளில் விருந்தினரின் நேரத்துக்காகக் குஞ்சுகளைத் தொட்டியில் காக்க வைப்பதையும், கையில் தூக்கிப் படம் எடுப்பதையும் எழுத்துப்பூர்வமாகத் தடை செய்யுங்கள்.

கடைசியாக, ஆனால் எங்களுக்கு மிக முக்கியமாக, சட்டம் கோரும் உயிரியப் பன்மய மேலாண்மைக் குழுவை இந்த உள்ளாட்சியில் செயல்படும் நிலைக்குக் கொண்டுவந்து, அதில் இரவு நடைத் தன்னார்வலர்களுக்கும் மீனவர்களுக்கும் இடம் கொடுங்கள். கடற்கரையைத் தொடும் எந்தத் திட்டமும் ஒப்புதலுக்குப் போகும் முன்பு அந்தக் குழுவின் பார்வைக்கு வர வேண்டும். அது சொல்லும் ஆட்சேபணைக்குக் காரணத்துடன் கூடிய எழுத்துப் பதில் தரப்பட வேண்டும். நாங்கள் ஏற்கெனவே அளித்த பதிவேட்டை முழுமையாகப் படித்து, அதில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று முப்பது நாட்களுக்குள் எங்களுக்கு எழுதுங்கள். தவறு இருந்தால் திருத்திக்கொள்கிறோம்.

முகாமுக்கு வருகிறோமா என்ற கேள்விக்குப் பதில் இது: இரண்டாம் கட்டத் தொடக்கம் நிகழ்ச்சி நிரலில் இருக்கும்வரை எங்கள் குழுவிலிருந்து யாரும் வரமாட்டார்கள். அது நீக்கப்பட்டது என்று நீங்கள் எழுத்தில் தெரிவிக்கும் நாளில் எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லுங்கள். அதுவரை வழக்கம்போல இரவு நடை நடக்கும். அதன் பதிவுகளின் நகலை ஒவ்வொரு வாரமும் உங்கள் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்வோம். உங்களில் யாரேனும் ஒருவர், உதவியாளரும் புகைப்படக்காரரும் இல்லாமல், ஓர் இரவு எங்களோடு முழுத் தூரமும் நடக்க முன்வந்தால், தெற்குப் பகுதியில் தொடங்கி வடக்குப் பகுதியில் முடிக்கலாம். தேதியை நீங்களே குறியுங்கள்.

இரவு நடைத் தன்னார்வலர்கள் சார்பாக,
குழுவின் பதிவேட்டைப் பராமரிப்பவர்களில் ஒருவர்